கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்னால் வேலை அறிவிக்கையைப் படியுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் 2 முடிவு வந்த கையோடு தங்கள் நாளிதழில் கல்லூரி வழிகாட்டிப் பக்கங்கள் வரத் தொடங்கிவிட்டன. எந்தப் படிப்புக்கு எந்தத் துறையில் வேலை என்று நிறையவே எழுதுகிறீர்கள். ஆசிரியர் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ‘ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு பி.எட். சேரலாம்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ‘ஏதாவது ஒரு பட்டம்’ என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். போட்டித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் போய், அங்கே பட்டத்தின் பெயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. 17 வயதில் சேர்க்கை விண்ணப்பத்தில் போட்ட ஒரு டிக், 25 வயதில் வந்து வழியை மறிக்கிறது.

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் பழைய அறிவிக்கைகள் கிடைக்கின்றன. பட்டதாரி ஆசிரியர், முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர், அரசு கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியர் என மூன்றுக்கும் கடைசியாக வந்ததை இறக்கி, ‘கல்வித் தகுதி’ பகுதியை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல்லூரிகளின் வண்ண வண்ணக் கையேடுகளை அதற்கப்புறம் புரட்டினால் போதும்.

முதலில் பட்டத்தின் பெயர். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் இருப்பது தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களுக்குத்தான். மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, டேட்டா சயின்ஸ் போன்ற பெயர்கள் இந்த வரிசையில் கிடையாது. அவை மோசமான படிப்புகள் என்று சொல்ல வரவில்லை. ஆய்வகத்துக்கோ தொழில்துறைக்கோ போகிறவர் தாராளமாகப் படிக்கட்டும். பள்ளி ஆசிரியராக வேண்டும் என்கிறவருக்கு அவை சுற்றுவழி. ‘பயன்பாட்டு’ என்றோ ‘கணினிப் பயன்பாட்டுடன்’ என்றோ ஒட்டுச் சேர்ந்த பெயர்களில் இன்னொரு தொல்லை. உள்ளே இருக்கும் பாடத்திட்டம் 80 சதவீதம் வழக்கமான பாடமாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெயருள்ள பட்டம், அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம், மூலப் பாடத்துக்கு இணையானது என்று தமிழக அரசின் அரசாணை இருக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு அரசாணை இருப்பதால், அதே பெயரில் இன்னொரு பல்கலைக்கழகம் தரும் பட்டமும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த இணைத்தன்மை விஷயத்தில் கல்லூரி அலுவலகம் வாய்மொழியாகச் சொல்வதை நம்பவே கூடாது. ‘எல்லாம் ஈக்விவலன்ட்தான்மா, போன வருஷம்கூட ஒருத்தர் வேலைக்குப் போனாரு’ என்று சொல்வார்கள். அரசாணை எண், தேதி, துறை ஆகிய மூன்றையும் கேளுங்கள். இருந்தால் தருவார்கள். இல்லையென்றால், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் வழியாகக் குழு கூடி, பாடத்திட்டங்களை ஒப்பிட்டு, பிறகு அரசாணை வெளிவர வேண்டும். அதற்குக் காலக்கெடு என்று எதையும் நம்பிச் சொல்ல முடியாது. அறிவிக்கை வந்த பிறகு விண்ணப்பிக்கப் போகிறவருக்கு அது உதவாது. ஏற்கெனவே இப்படி ஒரு பட்டத்தில் சேர்ந்துவிட்டவர்கள், மூன்றாம் ஆண்டு முடியக் காத்திராமல், பருவவாரியான பாடத்திட்ட நகலைப் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி வைப்பது நல்லது. பத்து வருடம் கழித்துக் கேட்டால் பாடத்திட்டமே மாறிப்போயிருக்கும். பழையதைத் தேடி எடுக்க அலைய வேண்டும்.

அடுத்தது, ‘கிராஸ் மேஜர்’, அதாவது இளநிலையில் ஒரு பாடம், முதுநிலையில் வேறு பாடம். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலம் படிப்பதும், பி.காம். முடித்து எம்.ஏ. வரலாறு படிப்பதும் சட்டப்படி செல்லும் படிப்புகளே. ஆனால் மேல்நிலை வகுப்புகளுக்கான முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில், அல்லது இணை என அறிவிக்கப்பட்ட பாடத்தில் இருக்க வேண்டும். அதோடு பி.எட்.டும் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் ‘சுலபமான’ ஒரு எம்.ஏ. முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கிளம்பட்டும்.

தொலைநிலைப் படிப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்பது போதாது. அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்தக் கல்வியாண்டுக்கு, யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஆண்டுவாரியாக இணையத்தில் இருக்கிறது; சேரும் அன்றே அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் தமிழக அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009 ஆகஸ்டிலேயே அரசாணை 107 வந்துவிட்டது. முதலில் பட்டம், பிறகு பிளஸ் 2 என்று வரிசையைத் தலைகீழாக முடித்தவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

எந்த வகுப்புக்குப் பாடம் நடத்த ஆசை என்பதைப் பொறுத்துப் பாதையே மாறுகிறது. 1 முதல் 5 வரை என்றால் பிளஸ் 2-வுக்குப் பிறகு இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும். பி.எட். இருந்தால் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வழி திறந்தது. அதை 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. இன்றும் ‘பி.எட். படித்தால் ஒண்ணாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்கள் நாளிதழின் விளம்பரப் பக்கங்களும் இதற்கு விலக்கில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

பி.எட். விஷயத்தில் பொருளியல், வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பாடங்களுக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடமே இல்லாததால், முதுநிலையை முடித்த பிறகுதான் இங்கே பி.எட். சேர்க்கைக்குத் தகுதி. பி.காம். முடித்ததும் பி.எட். சேரலாம் என்று திட்டம் போட்டு ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். இளநிலைப் பட்டத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம்; பிற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு.

சைதாப்பேட்டை, திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன், வேலூர், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, குமாரபாளையம், கோவை என அரசு கல்வியியல் கல்லூரிகள் 7. அரசு உதவிபெறுபவை 14. இவற்றில் ஒற்றைச் சாளர முறையில் கிடைக்கும் இடங்கள் ஏறத்தாழ 2,000. மற்றவை சுயநிதி. கட்டண வித்தியாசம் ஒருபுறம் இருக்கட்டும், சுயநிதியில் பார்க்க வேண்டியது ஆள் இருக்கிறார்களா என்பதை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிப்படி, ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்கும் கல்லூரியில் முழுநேர ஆசிரியர்கள் 16 பேர் இருக்க வேண்டும். மாணவருக்கு வகுப்பில் 80 சதவீதம், பள்ளிப் பயிற்சியில் 90 சதவீதம் வருகை கட்டாயம். பள்ளிப் பயிற்சி இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 20 வாரம். ‘வரவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று எங்கேயாவது சொன்னால், அங்கே நீங்கள் வாங்குவது காகிதம். வகுப்பறையில் முதல் நாள் 40 பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது அது தெரிந்துவிடும். வேறு மாநிலத்தில் பெயருக்குச் சேர்ந்து, அதே தேதிகளில் இங்கே வேலை பார்த்ததாகவும் அனுபவச் சான்று வைத்திருப்பவர்கள் சரிபார்ப்பில் தாங்களே தங்களைக் காட்டிக்கொடுத்துக்கொள்கிறார்கள்.

பிளஸ் 2 முடித்ததும் ஆசிரியர் வேலைதான் என்று உறுதியாக இருப்பவருக்கு நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு இருக்கிறது. இளநிலைப் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்தது, ஒரு வருடம் மிச்சம். தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் நம் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நல்ல இடம். இங்கிருந்து போகிறவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். ஓராண்டு பி.எட். வரப்போகிறது என்ற பேச்சும் அடிபடுகிறது. 2025-இல் வெளிவந்தது வரைவு. வரைவை நம்பிப் படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். அரசிதழில் வந்ததா என்று பாருங்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றித் தங்கள் பக்கங்களில் நிறைய வந்திருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறோம். தாள் 1 தொடக்கநிலைக்கு, தாள் 2 ஆறு முதல் எட்டு வரை. இரண்டும் 150 கேள்வி, 150 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90. மற்றவர்களுக்கான தளர்வை அந்தந்த அறிவிக்கையில் பார்க்க வேண்டும். சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் தமிழ்நாட்டில் இது தகுதி மட்டுமே. 2018-இன் அரசாணை 149 வந்த பிறகு, பணி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். தகுதித் தேர்வில் தேறியதை வேலை கிடைத்ததாக எண்ணி இனிப்பு வழங்கிய வீடுகள் இதைக் கேட்டு அதிர்ந்துபோனதுண்டு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே பணியில் இருந்து, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களும் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும்.

தேர்வு வாரியப் போட்டித் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று முதலில் நிற்கிறது. 30 கேள்வி, 50 மதிப்பெண், 30 நிமிடம். அதில் 20 எடுக்காதவரின் பாடத் தாள் திருத்தப்படாது. ஆங்கில வழியில் படித்த இயற்பியல், கணிதப் பட்டதாரிகள் இதை அலட்சியம் செய்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒரு மாதம் ஒழுங்காகப் படித்தாலே கரையேறிவிடலாம்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010 முதல் உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பணிக்குரிய கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். அதாவது நடுவில் பி.எட்.டை மட்டும் ஆங்கில வழியில் பதிவு செய்திருந்தால், 15 வருடம் தமிழில் படித்ததற்கு அங்கே மதிப்பில்லாமல் போய்விடும். வகுப்பில் தமிழில் நடத்துகிறார்கள், தேர்வும் தமிழில்தான் எழுதுகிறோம் என்பது கணக்கில்லை; கல்லூரிப் பதிவேட்டில் பயிற்றுமொழி என்ன என்பதுதான் கணக்கு. மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது ‘பயிற்றுமொழி’ என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்தை விட்டு வெளியே வர வேண்டும். ஒவ்வொரு பள்ளி, கல்லூரியிலும் உரிய படிவத்தில் தமிழ்வழிச் சான்றை உடனுக்குடன் வாங்கிவிடுங்கள். மூடிப்போன தனியார் தொடக்கப் பள்ளியின் சான்றைப் பின்னாளில் தேடி அலைகிறவர்களின் பாடு சொல்லி முடியாது.

கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளைக் குறிவைப்பவர்கள் துணைப்பாடத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே அறிவியல் டி.ஜி.டி. (பட்டதாரி ஆசிரியர்) பணிக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றையும் பட்டப்படிப்பில் படித்திருக்கக் கேட்கிறார்கள். நம் ஊரில் வேதியியல் மேஜர் எடுத்தவர் கணிதத்தையும் இயற்பியலையும் துணைப்பாடமாக எடுத்திருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். முதலாம் ஆண்டில் ‘எது ஈஸி’ என்று கேட்டு அலைடு எடுக்கும் வழக்கம் இங்கே அதிகம். டி.ஜி.டி.க்கு மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும், பி.ஜி.டி.க்கு (முதுநிலை ஆசிரியர்) இதுவரை கேட்டதில்லை.

இனி கல்லூரி ஆசிரியர் பணி. கலை, அறிவியல் கல்லூரிக்கு முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், வசதியானோர் வரம்பில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகளுக்கு 50. முழுமையாக்கல் கிடையாது, 54.9 என்றால் 54.9தான். முதுநிலையில் முதல் பருவத்தில் அசட்டையாக இருந்துவிட்டுக் கடைசியில் அரை சதவீதத்துக்காக அல்லாடுகிறவர்களைத் துறைகளில் இருப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். தரப்புள்ளியைச் சதவீதமாக மாற்றும் முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள்.

அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023 ஜூலையில் யு.ஜி.சி. விதியைத் திருத்திவிட்டது. தமிழ்நாடு செட் தேர்வு தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு மட்டுமே செல்லும். புதுச்சேரிக்கோ பெங்களூருக்கோ போக நினைப்பவர் நெட் எழுத வேண்டும். செட் தேர்வு எப்போது நடக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 2024 ஜூனில் நடப்பதாக இருந்தது தள்ளிப்போய், நடத்தும் பொறுப்பு தேர்வு வாரியத்துக்கு மாறி, 2025 மார்ச்சில்தான் நடந்தது. நெட் ஆண்டுக்கு இரண்டு முறை. முதுநிலை இறுதியாண்டிலேயே எழுதலாம். தேர்ச்சி வந்த பிறகு இரண்டு ஆண்டுக்குள் உரிய மதிப்பெண்ணோடு பட்டத்தை முடித்துக் காட்ட வேண்டும்.

நெட் தாள் 1-இல் 50 கேள்வி, தாள் 2-இல் 100. மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், கழிவு மதிப்பெண் இல்லை. ஆகவே ஒரு கேள்வியைக்கூட விட்டுவிட்டு வரக் கூடாது. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் ஆகியவற்றுக்கு சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) நெட் தனி. அங்கே பெரும்பாலான பகுதிகளில் தவறுக்குக் கழிவு உண்டு. தெரியாததைத் தொடாமல் விடுவதுதான் புத்தி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒன்றின் உத்தியை மற்றதில் பயன்படுத்திக் கெடுகிறவர்கள் உண்டு. பொதுவாக நம் மாணவர்கள் தாள் 2-ஐத் தேய்த்துத் தேய்த்துப் படித்துவிட்டுத் தாள் 1-ஐக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குகிறார்கள். தாள் 1-இல் 10 அலகு. ஒவ்வொன்றிலும் 5 கேள்வி. தரவு விளக்கம், தருக்கம், கணிதத் திறன் ஆகிய மூன்று அலகுகள் பயிற்சியால் மட்டுமே வருபவை. தினம் அரை மணி நேரம் மூன்று மாதம் ஒதுக்கினால் அங்கே கிடைக்கும் மதிப்பெண்தான் எல்லைக்கோட்டில் நிற்கிறவரை உள்ளே தள்ளும்.

2024 ஜூனிலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) உடன் உதவிப் பேராசிரியர் தகுதி. உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கையும். முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும். மூன்றாம் வகையில் வந்தவர் ‘நெட் பாஸ்’ என்று முகநூலில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறவில்லை. சேர்க்கைக்கும் அந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்காமல் ஆராய்ச்சி செய்ய இதைவிட நல்ல வழி நடுத்தரக் குடும்பத்துக்குக் கிடையாது.

முதுநிலையை எங்கே படிப்பது? இளநிலை படித்த கல்லூரியிலேயே தொடர்வது வசதி. அந்த வசதியே குறை. அறிவியல் மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலிருந்தே ஐ.ஐ.டி.கள் முதுநிலை அறிவியல் சேர்க்கைக்கு நடத்தும் ஜாம் தேர்வுக்குத் தயாராகலாம். பிப்ரவரியில் நடக்கும், 60 கேள்வி, 100 மதிப்பெண். மொழி, சமூக அறிவியல் மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொதுநுழைவுத் தேர்வு. ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் என எல்லாம் ஒரே தேர்வில். கணிதத்தில் உண்மையான பிடிப்புள்ள மாணவருக்குச் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் தனித் தேர்வு நடத்துகிறது. இவை எதுவும் கிடைக்காவிட்டாலும், மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளில் கட்டணம் குறைவு. நூலகமும் மூத்த பேராசிரியர்களும் கிடைப்பார்கள்.

கல்லூரியை எடைபோட நாக் (தேசியத் தர மதிப்பீட்டுக் குழு) தரும் தரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ‘ஏ’ என்றால் 4-க்கு 3.01 முதல் 3.25 வரை, ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்றால் 3.51-க்கு மேல், அது எந்த ஆண்டு வாங்கியது, இன்னும் காலாவதியாகவில்லையா என்று பார்க்க வேண்டும். அதைவிடப் பயனுள்ள ஒரு ஆவணம் பெரும்பாலான கல்லூரி இணையதளங்களின் மூலையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. தேசியத் தரவரிசைக்காக (என்.ஐ.ஆர்.எஃப்.) அந்தக் கல்லூரி சமர்ப்பித்த தரவுத் தொகுப்பு அது. கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் பட்டியல் இருக்கும்: பெயர், வயது, பதவி, கல்வித் தகுதி, மாதக் கணக்கில் அனுபவம், சேர்ந்த தேதி, நிரந்தரமா ஒப்பந்தமா என்று. நீங்கள் சேரப்போகும் துறையின் ஆசிரியர்களைத் துறைப் பக்கத்திலிருந்து குறித்துக்கொண்டு இந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பாதிப் பேர் சேர்ந்த தேதி கடந்த ஒரு வருடத்துக்குள் இருந்தால், ஆள் நிலைக்காத கல்லூரி என்று பொருள். இங்கே இருக்கும் பெயர் துறைப் பக்கத்தில் இல்லையென்றால் கேள்வி கேளுங்கள். ஒரே பேராசிரியர் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024 ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே தொகுப்பில், படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் (மீடியன்) எவ்வளவு என்பதும் இருக்கும். ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ என்ற பேனரை இந்த எண்களோடு வைத்துப் பார்க்கலாம்.

அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் இன்னொரு கேள்வி: நீங்கள் சேரும் பிரிவு உதவிபெறுவதா, சுயநிதியா? ஒரே வளாகம், ஒரே பெயர், ஒரே பட்டம். காலையில் உதவிபெறும் பிரிவு, மதியம் சுயநிதிப் பிரிவு. கட்டணம் பல மடங்கு வேறுபடும். சேர்க்கைக் கடிதத்தில் இது சின்ன எழுத்தில் இருக்கும்.

முனைவர் பட்டத்துக்கு நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதியவரை எடுக்கக் கூடாது. நெறியாளரின் பெயரை ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், தலைப்புகள் ஒன்றுக்கொன்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியவையா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தையாவது படித்துப் பாருங்கள். குறைந்தபட்சக் காலம் மூன்றாண்டு, பொதுவான உச்ச வரம்பு ஆறாண்டு. தொலைநிலையில் முனைவர் பட்டம் என்று ஒன்று கிடையாது. பகுதிநேரம் உண்டு, பணிபுரியும் இடத்தின் தடையின்மைச் சான்றோடு. எம்.ஃபில். முடிந்துபோன கதை. பட்டம் வாங்கும் நாளிலேயே, அது எந்த ஆண்டு விதிப்படி வழங்கப்பட்டது என்ற சான்றையும் பதிவாளரிடமிருந்து வாங்கிவிட வேண்டும். நெட் இல்லாமல் முனைவர் பட்டத்தைக் காட்டித் தகுதி கோருபவருக்கு அந்த ஒற்றைத் தாள்தான் உயிர்.

பொறியியல் கல்லூரிக்கு நெட் வேண்டாம். பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு இருந்தால் போதும்.

சம்பளத்தை ஒளிக்காமல் பேசிவிடலாம். அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரை நடத்தும் இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுநிலை ஆசிரியருக்கு 36,900. அகவிலைப்படியும் மற்றவையும் தனி. யு.ஜி.சி. விகிதத்தில் உதவிப் பேராசிரியருக்கு 57,700-இல் தொடங்குகிறது. அதே தகுதியோடு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் தொகுப்பூதியம் மாதம் 25,000. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-இல் சொன்னது காகிதத்தில் இருக்கிறது. நிரந்தரப் பணிக்கான தேர்வை மட்டும் நம்பி வேறெதுவும் செய்யாமல் உட்காரவும் முடியாது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. அந்த ஆகஸ்டில் நடப்பதாக இருந்த தேர்வு தள்ளிவைக்கப்பட்டதை விண்ணப்பித்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே பலரும் இடையில் சுயநிதிக் கல்லூரிக்கோ தனியார் பள்ளிக்கோதான் போக வேண்டியிருக்கும். போகிறவர்கள் நான்கைந்து விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பணி நியமனக் கடிதம் பதவிப் பெயரோடும் சம்பளத்தோடும் இருக்க வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும். வருங்கால வைப்பு நிதி எண் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால், சரிபார்த்துவிட்டு அன்றே திரும்பத் தரக் கேளுங்கள். அதை மறுக்கும் நிர்வாகம் பின்னால் உங்களைப் போக விடாது என்பது அங்கேயே தெரிந்துவிடும். கல்லூரி என்றால், உங்கள் நியமனத்துக்குப் பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதல் வாங்கினார்களா என்று கேட்க வேண்டும். நெட், செட் தேர்ச்சிக்கு முந்தைய வருடங்களை அனுபவமாக எண்ணி மனக்கோட்டை கட்ட வேண்டாம். பின்னாளில் அனுபவச் சான்றில் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் கேட்பார்கள். வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் இருந்தால்தான் அது நடக்கும். கல்லூரி கைமாறிய பிறகோ மூடிய பிறகோ போய் நின்றால் பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆண்டுக்கொரு முறை நகல் எடுத்து வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

தவறான படிப்பில் சேர்ந்துவிட்டோம் என்று ஒரு மாதத்துக்குள் தெரிந்தால், விலகத் தயங்க வேண்டாம். யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னதாக விலகினால் முழுக் கட்டணம், அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் 90 சதவீதம், கடைசித் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50 சதவீதம் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் விண்ணப்பித்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. தங்களுக்கு இடமில்லையென்றால் சம்பளப் பத்தியையும் நுழைவுத் தேர்வுப் பத்தியையும் தாராளமாக வெட்டிவிடுங்கள், அவை வேறெங்கும் கிடைக்கும். பட்டத்தின் பெயர், இணைத்தன்மை, பயிற்றுமொழி பற்றிய பத்திகளை மட்டும் சேர்க்கை முடிவதற்குள் வெளியிட்டால் நல்லது. அடுத்த ஆண்டு வழிகாட்டிப் பக்கத்தில், ஒவ்வொரு படிப்பின் பெயருக்கு எதிரேயும் ‘பள்ளி ஆசிரியர் பணிக்குத் தகுதி: உண்டு / இல்லை / அரசாணை பார்க்கவும்’ என்று ஒரு கட்டம் சேர்க்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்